திங்கட்கிழமைக் கண்ணாடியின் வெளிப்பக்கம்

பேய் பிசாசு என்று கதைக்கத் தொடங்கினால் நான் எழும்பிப் போய்விடுகிற ஆள். சாமி கும்பிடுவேன், அது வேறு. நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தேன். இரண்டு மாதம் சூரியன் வராத ஊர். ஒரு மரவீட்டில் தனியாக இருந்தேன். ஒன்றையும் காணவில்லை. குளிர் மட்டும்தான் இருந்தது.

ஆனபடியால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் இல்லை. வேறொருவர் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். மகள் துரொண்ட்ஹெய்மில் படிக்கிறாள். அவளுக்கு டெலிபோனில் சொன்னேன். "அப்பா, நீங்கள் நித்திரை கொள்ளுறது காணாது" என்றாள். நான் நன்றாகத்தான் நித்திரை கொள்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத வந்தபடி எழுதுகிறேன், நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

நானும் மனுசி சுகந்தியும் ஒஸ்லோவில் ஒரு மியூசியத்தில் துப்புரவு வேலை செய்கிறோம். பெயர் வேண்டாம். இருபது வருடமாக, நாங்கள் குடியிருக்கிற ஹவுகன்ஸ்டுவாவில் இருந்து ஒரே ரயில், ஒரே பெட்டி. திங்கட்கிழமை மியூசியம் பூட்டு. பெரிய வேலைகளை அன்றைக்குத்தான் செய்வோம். அதில் ஒன்று கீழ்த்தளத்துக் கண்ணாடிச் சுவர். பின்தோட்டத்தைப் பார்த்தபடி ஆறு பெரிய கண்ணாடிகள். மேல்பாதியை ஏணியோடு வேறு ஆட்கள் வந்து செய்வார்கள். கைக்கு எட்டுகிற உயரம் எங்களுடையது.

அதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து துடைப்போம். அவள் உள்ளே, நான் வெளியே. ஒருவர் கைக்கு நேரே மற்றவர் கை. அவள் மேலே போனால் நானும் மேலே, அவள் இறங்கினால் நானும் இறங்குவேன். கோடு விழுந்தால் அது எந்தப் பக்கம் என்று தேடத் தேவையில்லை, அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். கம்பனியில் இப்படிச் சொல்லித் தரவில்லை. நாங்களாகப் பழகியது. சுகந்திக்கு இடதுகை. எனக்கு வலதுகை. எதிரெதிரே நின்றால் கையும் கையும் சரியாக வந்து பொருந்தும்.

கண்ணாடி தடிப்பு, கதைத்தால் கேளாது. ஒரு மணித்தியாலம் முகத்துக்கு முகம் பார்த்தபடி நிற்போம். வீட்டில் நாங்கள் அப்படிப் பார்த்துக்கொள்வதில்லை. வீட்டில் அவள் அடுப்பைப் பார்ப்பாள், நான் டிவியைப் பார்ப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கிழமையில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

ஒரு குறை. சுகந்தி மூலைக்கு வந்ததும் துணிக்குள் பெருவிரலை விட்டு ஒரு சுழிப்புச் சுழித்து எடுப்பாள். மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. எனக்கு அது வராது. எத்தனை வருடமோ காட்டித் தந்தாள், வரவில்லை. உள்ளே முடித்துவிட்டு, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, என்னுடைய மூலைகளைத் திரும்பத் துடைப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். துடைப்பாள், அவ்வளவுதான்.

போன வருடம் இலையுதிர் காலத்தில் இரண்டாம் தளத்துச் சின்ன அறையில் புதிதாகச் சில படங்கள் மாட்டினார்கள். கடதாசிப் படங்கள், அதனால் அந்த அறையில் வெளிச்சம் மங்கல். அதில் ஒன்று ஒரு அமெரிக்கர் செய்தது. ஆள் செத்து நூறு வருடத்துக்கு மேல். படம் சின்னது, இரண்டு கை அகலம். முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரு யன்னல், அது மட்டும் வெள்ளை. யன்னலுக்கு முன்னால் ஒரு மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். வலதா இடதா என்று இப்போது சொல்ல மாட்டேன், ஒரு கை கண்ணாடியில் வைத்தபடி. ஆள் நல்ல உயரம், தலை யன்னலின் மேல் சட்டத்தில் முட்டுகிறது.

சுகந்தி அந்த அறையில் தூசு தட்டிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சை வாங்கோப்பா ஒருக்கா. இந்த யன்னல் மூலையைப் பாருங்கோ."

"மூலைக்கு என்ன?"

"வடிவாப் பாருங்கோ. துணிக்குள்ள பெருவிரலை விட்டுச் சுழிச்சிருக்கு."

பார்த்தேன். உண்மைதான். வெள்ளை மூலையில் அந்தச் சுழிப்பு. விரலின் ரேகைகூடக் கொஞ்சம் தெரிந்தது.

"உவர் துடைக்கத் தெரிஞ்ச ஆள்" என்றாள்.

கலியாணம் கட்டி முப்பது வருடம். என்னைப் பற்றி அவள் அப்படிச் சொன்னதில்லை.

படங்களைப் பராமரிக்கிற நோர்வேஜியப் பெண் ஒருத்தி அப்போது அங்கே நின்றாள். சுகந்தி அவளிடம் கேட்டாள். அந்தப் பெண்ணுக்குச் சந்தோசம், யாரும் கேட்பதில்லை போல. நின்று விளக்கப்படுத்தினாள். தகட்டில் கறுப்பு மையைப் பூசி, பிறகு துணியாலும் விரலாலும் துடைத்துத் துடைத்துத்தான் வெளிச்சத்தை எடுப்பார்களாம். அதன்மேல் கடதாசியை வைத்து அழுத்தினால் படம். ஒரே ஒரு படம்தான் வரும், மை போய்விடும். மோனோடைப் என்று பெயர் சொன்னாள். கடதாசியில் எல்லாம் பக்கம் மாறித்தான் விழுமாம். ஆனபடியால் படத்தில் கண்ணாடியில் இருப்பது இடதுகை போலத் தெரிந்தாலும் அந்த மனிதருக்கு அது வலதுகைதான் என்றாள்.

சுகந்தி படத்துக்குக் கிட்டப் போய்த் திரும்பவும் பார்த்தாள். பிறகு என்னிடம் தமிழில் சொன்னாள்.

"அப்ப எனக்கு எதிர்ப்பக்கம் நிண்டு துடைச்ச மாதிரி."

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கிடைக்கிற பத்து நிமிட ஓய்வு அந்த அறையில்தான். முன்பு கீழே வந்து என்னோடு தேத்தண்ணி குடிப்பாள். இப்போது போத்தலை என்னிடம் தந்துவிட்டுப் போவாள். ஒருநாள் ஒளிந்து நின்று பார்த்தேன். சும்மா நின்றாள். கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சரித்துக்கொண்டு. இடதுகைப் பெருவிரல் மட்டும் அசைந்தது.

ஆயிரம் பேர் பார்த்துவிட்டுப் போகிற படம். அதில் போய் எரிச்சல் படுகிறவன் மடையன் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் எரிந்தது. செத்த மனிதன், முகம்கூட இல்லை.

மியூசியத்தில் காவலுக்கு நிற்கிற செல்வம் தஞ்சாவூர்ப் பக்கம். நாங்கள் கதைக்கிற தமிழ் அவனுக்குப் பாட்டு மாதிரி இருக்கிறதாம். அவன் கதைக்கிறதில் பாதி எனக்கு இங்கிலிஷ். அவன் கவனித்துவிட்டான்.

"என்னண்ணே, அண்ணி டெய்லி அந்த ரூமுக்குப் போய் அட்டெண்டன்ஸ் போடறாங்க. யாருண்ணே அந்த அமெரிக்கா மாப்பிள்ளை?"

"செத்த ஆள்."

"செத்தவன்தாண்ணே டேஞ்சர். அவன் சாக்ஸைக் கழட்டி சோஃபால போடமாட்டான் பாருங்க."

சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் காலுறையைக் கொண்டுபோய் ஊத்தைக்கூடையில் போட்டேன். சுகந்தி கவனிக்கவில்லை.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை. மைனஸ் பன்னிரண்டு. அந்தக் குளிரில் தண்ணீரில் ஸ்பிரிட் கலக்காவிட்டால் துடைக்கத் துடைக்க உறைந்துவிடும். கலந்திருந்தேன், ஆனாலும் மூலைகளில் உறைந்துவிட்டது. அவள் வழக்கம் போல வெளியே வந்தாள். மூலையைப் பார்த்தாள். அன்றைக்கு வாயைத் திறந்தாள்.

"இதென்னப்பா மூலை? அந்தாள் ஒரு கந்தைத் துணியாலை செய்திருக்கிறதைப் பாத்தாவது பழகுங்கோவன்."

எனக்குக் கை விறைத்துப்போய் இருந்தது. துணியை வாளிக்குள் எறிந்தேன்.

"அப்ப அந்தாளையே கூப்பிடும். இனி வெளிப்பக்கம் அவரே வந்து துடைக்கட்டும்."

அவள் சிரித்தாள். "வந்தால் நல்லதுதானே."

அவ்வளவுதான் சண்டை. பெரிய சண்டை இல்லை. ஆனால் அதை நான் சொன்னேன். என் வாயால் கூப்பிட்டது நான். அதை மறைக்க மாட்டேன்.

அன்று வேலை முடிந்து போகும்போது அந்த அறைக்குப் போனேன். ஒருவரும் இல்லை. அந்த முதுகைப் பார்த்துச் சொன்னேன், தமிழில்தான். "அவ என்ர மனுசி. விளங்கினால் சரி." சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. லைட்டை அணைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

அடுத்த திங்கள் நான் வெளிப்பக்கம் போகவில்லை. படிக்கட்டுக் கைபிடிகளை மினுக்கப் போகிறேன் என்றேன். அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள். முதல்நாள் முழுக்கப் பனி கொட்டி, அன்றைக்கு வெயில் எறித்தது. வெளியே பார்க்கக் கண் கூசியது. பதினொரு மணி இருக்கும். கைபிடி மினுக்க மனம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவள் தனியே கஷ்டப்படுகிறதைப் பார்க்க ஆசை வந்தது. "நீங்கள் இல்லாமல் ஏலாதப்பா" என்று ஒரு சொல் கேட்டால் போதும். இறங்கிப் போய்த் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

அவள் நாலாவது கண்ணாடியில் நின்றாள். முதல் பார்வையில் ஒன்றும் இல்லை. துடைக்கிறாள். பிறகுதான் கண்டேன், தனியே துடைக்கிறவள் அப்படித் துடைக்க மாட்டாள். தனியே என்றால் வேகமாகப் போவாள். இது மெதுவாகப் போனது. இடைக்கிடை நின்றாள், எதிரே இருக்கிறவர் வந்து சேரட்டும் என்று நிற்கிறது போல. வந்ததும் திரும்பவும் கை போனது. தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லச் சிரித்த முகம். அந்த முகம் எனக்குத் தெரியும். இருபது வருடமாகக் கண்ணாடியின் மற்றப் பக்கம் நின்று நான் பார்த்த முகம்.

வெளியே பார்த்தேன். வெள்ளை. தோட்டம், பனி, மரம். ஒருவரும் இல்லை.

ஆனால் வெளிப்பக்கத்துக் கண்ணாடியில் ஈரம் இருந்தது. அவளுடைய கைக்கு நேரே அந்த ஈரம் பட்டைபட்டையாகக் காய்ந்துகொண்டு போனது. நீங்கள் நம்புகிறீர்களோ இல்லையோ, நான் கண்டேன். கீழ்மூலைக்கு வந்தது. அவள் பெருவிரலைச் சுழித்தாள். மற்றப் பக்கத்திலும் ஒரு சுழிப்பு வந்தது.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அவள் ஆறாவது கண்ணாடியை முடித்து வாளியை எடுத்த பிறகுதான் எனக்குக் கால் வந்தது. பின்கதவால் வெளியே ஓடினேன். கணுக்கால் அளவு பனி, மேலே ஒரு கீறல் இல்லை. கதவில் இருந்து கண்ணாடி வரைக்கும் ஒரு காலடி இல்லை. நான் நடந்த அடிகள்தான் முதல் அடிகள். ஆறு கண்ணாடியும் துப்புரவு. மூலைகளைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஈரம். அந்தக் குளிரில் உறையவில்லை. மணந்து பார்த்தேன், ஸ்பிரிட் மணமும் இல்லை.

கதவு திறந்த சத்தம் கேட்டது. சுகந்தி ஜாக்கெட் இல்லாமல் வந்தாள். நேரே மூலைகளுக்குப் போனாள். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். கையில் துணி இருந்தது, ஆனால் துடைக்கவில்லை.

"இண்டைக்குத்தானப்பா ஒழுங்காத் துடைச்சிருக்கிறியள்" என்றாள்.

நான் ஈர விரலைக் காற்சட்டையில் துடைத்தேன்.

"கோவத்திலை வரமாட்டியள் எண்டுதான் நினைச்சன். வந்திட்டியள்." வாயில் இருந்து புகை வந்தது அவளுக்கு. "வெயில் கண்ணிலை அடிச்சது, முகமே தெரியேல்லை. கையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். மூலையும் பழகிட்டியள், என்ன?"

என்னுடைய வலதுகையைப் பிடித்தாள். பெருவிரலைத் தன் விரலால் அழுத்தினாள். வேலைத்தளத்தில் அவள் என் கையைப் பிடித்ததே இல்லை.

"கை ஏன் காஞ்சு கிடக்கு?"

நான் அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் இல்லை, நான் படிக்கட்டில் நின்றேன் என்று. சொன்னால் அந்தப் புகழ்ச்சி யாருக்குப் போகும் என்று யோசித்தேன். முப்பது வருடம் நான் காத்திருந்தது, அவனுக்குப் போகும்.

"துடைச்சிட்டன்" என்றேன்.

அவள் உள்ளே போனதும் நான் நேரே இரண்டாம் தளத்துக்கு ஏறினேன். படம் அப்படியேதான் இருந்தது. கறுப்பு, யன்னல், முதுகு. எதுவும் மாறவில்லை. ஆனால் படத்துக்குக் கீழே மரத்தரையில் தண்ணீர். ஒரு சிரங்கை, உள்ளங்கைக் குழிக்குள் நிற்கிற அளவு. பனி உருகிச் சப்பாத்தில் இருந்து வடிந்தால் எப்படி இருக்குமோ அப்படி. காலையில் அந்த அறையைத் துடைத்தது நான். தண்ணீர் இருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். இடுப்பில் இருந்த துணியை எடுத்து அதைத் துடைத்துவிட்டேன். யோசிக்கவில்லை. மரத்தரையில் தண்ணீர் நின்றால் பலகை கறுக்கும், உடனே எடுக்க வேண்டும். இருபது வருடப் பழக்கம். துணி கறுப்பாக வந்தது, எண்ணெய்க் கறுப்பு. அதையும் கொண்டுபோய் வாளிக்குள் பிழிந்து, வாளியைக் கழுவி, கழுவின வாளியைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் ஐயோ என்று வந்தது. செல்வத்தைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். ஒரு படம் எடுத்திருக்கலாம். இருந்த ஒரே சாட்சி, அதையும் நானே துப்புரவாகத் துடைத்தேன்.

செல்வத்திடம் கமெராவைப் பார்க்கச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை, ஒரு துணியைக் காணவில்லை என்றேன். பார்த்துவிட்டு வந்தான். அன்றைக்கு அவன் பகிடி விடவில்லை.

"வெளிய ஒண்ணும் தெரியலண்ணே, வெயில்ல ஒரே வெள்ளை. உள்ள அண்ணி மட்டும்தான். ஆனா நடுநடுவுல நிக்கிறாங்க. யாரோ சொல்றதக் கேட்டுத் தலையாட்டற மாதிரி. போன்ல பேசினாங்களா?"

"இருக்கும்" என்றேன். சுகந்தியின் போன் அன்றைக்கு என்னுடைய ஜாக்கெட்டுக்குள் இருந்தது.

சித்திரை மாதம் அந்தப் படங்களைக் கழற்றினார்கள். கடதாசிக்கு வெளிச்சம் கூடாதாம், சில வருடம் இருட்டில் இருக்க வேண்டுமாம். அந்த நோர்வேஜியப் பெண் கையுறை போட்டுப் பெட்டிக்குள் வைத்து, தள்ளுவண்டியில் கீழே நிலவறைக்குக் கொண்டுபோனாள். நான் லிஃப்ட் கதவு மூடும் வரைக்கும் நின்று பார்த்தேன். சுகந்தி பக்கத்தில் நின்றாள். அழுதால் என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. "பின்னேரம் கோழி எடுக்க வேணும், ஸ்ட்ரோம்மனிலை இறங்குவமே" என்றாள். எனக்குப் பெரிய நிம்மதி. ஒரு செத்தவனை நிலவறைக்கு அனுப்பிவிட்டு மனுசியோடு கோழி வாங்கப் போனேன்.

ஆனால் அதோடு முடியவில்லை.

தை மாதத்து அந்தத் திங்களுக்குப் பிறகு நான் திரும்பவும் வெளிப்பக்கம் நிற்கத் தொடங்கினேன். ஒன்றையும் விடவில்லை. காய்ச்சலோடும் போனேன். அவள் இப்போது வெளியே வந்து என் மூலைகளைத் திரும்பத் துடைக்கிறதில்லை. என் மூலைகள் முந்தி மாதிரித்தான் இருக்கின்றன. சொட்டு நிற்கிறது, நானே காண்கிறேன். அவள் பார்த்துவிட்டு "நல்லம்" என்கிறாள்.

கையும் கையும் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் அவளுடைய கண் என்னில் இல்லை. என் தலைக்கு மேலே பார்க்கிறாள். ஒரு சாண் மேலே. வெயில் இல்லாத நாளிலும் அப்படித்தான். முதலில் பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மரம்தான்.

நான் கட்டை ஆள். ஐந்தடி நாலங்குலம்.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் மியூசியத்துக் கபேயின் பின்கதவடியில் கிடந்த பிளாஸ்டிக் பால்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். கவிழ்த்து வைத்து அதன்மேல் ஏறி நின்று துடைத்தேன். அப்போது என் கண் அவளுடைய பார்வைக்கு நேரே வந்தது. அவள் சிரித்தாள். அந்தப் பழைய சிரிப்பு. என் கண்ணுக்குள்ளே பார்த்து.

இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தப் பெட்டியைக் கொண்டுபோகிறேன். கண்ணாடிக்குக் கண்ணாடி தூக்கி வைத்து ஏறுகிறேன். அவள் சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன். அது எனக்குச் சிரிக்கிற சிரிப்போ என்று தெரியாது. கேட்டால் நான் அன்றைக்குச் சொன்ன பொய்யையும் சொல்ல வேண்டும். இதை அவள் வாசித்தால் வாசிக்கட்டும்.

என்னுடைய மனுசி எல்லாவற்றையும் கேட்கிற ஆள். தலைமயிர் வெட்டினால் எங்கே வெட்டினது என்று கேட்பாள். ஐந்து நிமிடம் பிந்தினால் ஏன் என்று கேட்பாள். ஆனால் பால்பெட்டியில் ஏன் ஏறி நிற்கிறீர்கள் என்று இன்றைக்கு வரைக்கும் அவள் என்னைக் கேட்டதில்லை.